முதல் வீல்-டு-வீல் ரேஸுக்கு எப்படி ரெடி ஆகறது

டிராக் டேல, அதாவது போட்டி இல்லாம ரேஸ் டிராக்ல ஓட்டிப் பழகற நாள்ல, நாலஞ்சு தடவை ஓட்டியாச்சு, லேப் டைமும் குறைஞ்சுக்கிட்டே வருது, அடுத்து பல கார் பக்கத்துல பக்கத்துல ஓடற நிஜமான வீல்-டு-வீல் ரேஸ்ல இறங்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேக்கறவங்களுக்காக இத எழுதறேன். பெரும்பாலும் முதல் கேள்வியே எந்த கார் வாங்கலாம்னுதான் வரும். கார் பத்தி பேசலாம், ஆனா அது கொஞ்சம் தள்ளி. அதுக்கு முன்னாடி தனியா டிராக்க சுத்தறதுக்கும் முப்பது கார் கூட சேந்து ஓட்டறதுக்கும் என்ன வித்தியாசம்னு மனசுல பதியணும்.

என்னோட முதல் ரேஸ்ல ரெண்டாவது லேப், ஒரு வலது பக்க கார்னருக்கு நானும் இன்னொரு காரும் ஜோடியா வந்தோம், நான் உள்பக்கம், அவர் வெளிப்பக்கம். அந்த கார்னர அதுக்கு முன்னாடி நூறு தடவையாவது எடுத்திருப்பேன், கண்ண கட்டி விட்டாலும் ஓட்டுவேன்னு நினைச்சிருந்தேன். ஆனா அவர் கார் என் கதவுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்னதும் நான் எப்பவும் பிரேக் பிடிக்கறதுக்கு அடையாளமா வச்சிருந்த போர்டு அவர் காருக்குப் பின்னாடி மறைஞ்சு போச்சு, அவர் எஞ்சின் சத்தத்துல என் எஞ்சின் சத்தமே காதுல விழல, கியர் மாத்தற நேரம் தெரியாம, எஞ்சின் அளவுக்கு மீறி சுத்தாம தடுக்கற ரெவ் லிமிட்டர்ல போய் முட்டினேன், வழக்கமா ஸ்டீயரிங் திருப்பற இடத்துல அவர் கார் இருக்கு. அதாவது நான் கத்துக்கிட்ட லைன் (கார்னர்ல கார் போற பாதை), பிரேக்கிங் பாயிண்ட், காதால கியர் மாத்தற பழக்கம் மூணுமே ஒரே நிமிஷத்துல கைய விட்டுப் போச்சு. அவர் எனக்கு ஒரு கார் அகலம் இடம் விட்டதாலதான் ரெண்டு பேரும் முழுசா வெளிய வந்தோம்.

இதுதான் விஷயம். பக்கத்துல இன்னொருத்தர் இருக்கார், அவர் முழுசா வீடு போய் சேர்றது உங்க கையில இருக்கு, நீங்க போய் சேர்றது அவர் கையில இருக்கு. லைசென்ஸ், கொடி, ஓவர்டேக் விதி, ஹெல்மெட், எல்லாத்தையும் இந்த ஒண்ணை வச்சு பார்த்தீங்கன்னா எது எதுக்குன்னு தானா புரிஞ்சிடும்.

வேகமா ஓட்டத் தெரிஞ்சா போதும்னு நினைக்காதீங்க, அதே சமயம் வேகமே தெரியாம ரேஸுக்கு வராதீங்க. காரை ஓட்டறதுக்கே உங்க மூளை முழுசா செலவாகுதுன்னா பக்கத்து காரை பாக்க, கண்ணாடி பாக்க, கொடி பாக்க எதுவும் மிச்சம் இருக்காது. நான் சொல்ற அளவுகோல் இதுதான், டிராக் டேல நீங்க நல்ல வேகத்துல ஓட்டும்போதே டிராக் ஓரமா கொடி காட்டறவங்க நிக்கற ஒவ்வொரு மார்ஷல் போஸ்ட்டையும் தாண்டறப்போ அங்க கொடி இருக்கா இல்லையான்னு பாத்து, பக்கத்துல உக்காந்திருக்கற இன்ஸ்ட்ரக்டர்கிட்ட வாய்விட்டு சொல்ல முடியணும். அது முடியலைன்னா இன்னும் கொஞ்ச நாள் டிராக் டேலயே ஓட்டுங்க, தப்பே இல்ல.

கோன் வச்சு ஒவ்வொரு காரா ஓட்டற ஆட்டோகிராஸ், காரோட லிமிட் எங்க இருக்குன்னு பயமில்லாம கத்துக்க நல்ல இடம், ஏன்னா தப்பு பண்ணா கோன் மட்டும்தான் சாயும். ஆனா பக்கத்துல ஆள் இருக்கற பழக்கத்துக்கு வாடகைக்குக் கிடைக்கற சின்ன கோ-கார்ட் வண்டி மாதிரி வேற எதுவும் கிடையாது. கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, ரெண்டு பின் சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியலும் கிடையாது, பின் ஆக்ஸில் ஒரே தண்டு, அதனால கார்னர்ல உள்பக்க பின் சக்கரம் லேசா தூக்கினாதான் அது ஒழுங்கா திரும்பும், ஸ்டீயரிங்க சும்மா சும்மா ஆட்டினா வேகம் செத்துடும். சுத்தமான கை அசைவுக்கு அது நல்ல வாத்தியார். அதுக்கும் மேல, அரை மணி நேரத்துல இருபது தடவை ஒருத்தர முந்தப் பாக்கறது, இருபது தடவை ஒருத்தர் உங்கள முந்தறதுன்னு அனுபவம் சேந்துடும், ஒரு வருஷம் கார் ரேஸ் ஓட்டினாக்கூட அவ்ளோ கிடைக்குமான்னு சந்தேகம்தான்.

சிமுலேட்டரும் உதவும், அத விளையாட்டுன்னு ஒதுக்க வேண்டாம். 2008ல வந்த ஐரேசிங் மாதிரி ஆன்லைன் சிம்ல லைசென்ஸ், சேஃப்டி ரேட்டிங், முட்டினா தண்டனை பாயிண்ட் எல்லாம் இருக்கு, ஸ்டார்ட்ல எப்படி நெரிசல் ஆகும், ஜோடியா கார்னர் எடுக்கறது எப்படின்னு பழகிக்கலாம். உடம்ப அழுத்தற விசையும் பயமும் அதுல இருக்காது, அத நிஜ டிராக்தான் சொல்லித்தரும்.

இன்னொண்ணு, யாரும் பெருசா சொல்லாத வழி ஆனா நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்கறது. ரேஸ் ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு வீக்கெண்டாவது மார்ஷலா போய் நில்லுங்க. கிளப்களுக்கு எப்பவும் ஆள் தேவை, தன்னார்வலரா வர்றேன்னா சந்தோஷமா சேத்துப்பாங்க, சொல்லியும் கொடுப்பாங்க. ஒரே கார்னர்ல நாள் முழுக்க நின்னு பாத்தா யார் எங்க தப்பு பண்றாங்க, முட்டல் எப்படி ஆரம்பிக்குது, மஞ்சக் கொடி காட்டியும் வேகத்த குறைக்காம வர்ற கார் நடு டிராக்ல நிக்கற மார்ஷல் கண்ணுக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கே புரியும். மணிக்கு 100 கிலோமீட்டர்னா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர். கையில தொடப்பத்தோட சரளைக்கல்ல கூட்டிக்கிட்டு நிக்கும்போது அந்த 28 மீட்டரோட அர்த்தமே வேற. அதுக்கப்புறம் நீங்க ஜென்மத்துல மஞ்சக் கொடிய மதிக்காம போக மாட்டீங்க. இல்லேன்னா ரேஸ் ஓட்டற யாராவது ஒருத்தருக்கு கூடமாட உதவியா போங்க, டயர் மாத்த, பிரஷர் பாக்க, பெட்ரோல் ஊத்த. அந்த வீக்கெண்ட்ல கிடைக்கற பழக்கம் பின்னாடி பெரிய துணை.

லைசென்ஸ் விஷயம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனா அமைப்பு ஒண்ணுதான். 1904ல ஆரம்பிச்ச எஃப்ஐஏதான் மோட்டார் ரேஸுக்கு உலக அளவுல தலைமை, அதுக்குக் கீழ ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு தேசிய அமைப்பு, அதுக்குக் கீழ கிளப்கள். அமெரிக்கால 1944ல ஆரம்பிச்ச எஸ்சிசிஏ மாதிரி பெரிய கிளப்களே தனியா அமெச்சூர் லைசென்ஸ் கொடுப்பாங்க. பொதுவா டாக்டர்கிட்ட உடல் தகுதி சான்று, ஒரு ரேஸிங் ஸ்கூல் இல்லேன்னா டெஸ்ட், கொடியும் விதியும் பத்தி எழுத்துத் தேர்வு, அதுக்கப்புறம் முதல் சில ரேஸ் புது ஆளா கண்காணிப்புல ஓட்டறது, இந்த வரிசைதான். பிரிட்டன்ல புது டிரைவர் காரோட பின்பக்கம் மஞ்சள் பின்னணியில கருப்பு பெருக்கல் குறி ஒட்டணும், பின்னாடி வர்றவங்க இவர் புதுசுன்னு தெரிஞ்சு ஓட்டறதுக்கு. அத அவமானமா நினைக்காதீங்க, உங்கள காப்பாத்தற குறி அது.

ஸ்கூல்ல சேர்றப்போ ஒண்ணு கவனிங்க. லைன், பிரேக்கிங் மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பற ஸ்கூலும் இருக்கு, ஜோடியா கார்னர் எடுக்க வைக்கற, ஸ்டார்ட் பழக வைக்கற, வேணும்னே லைன விட்டு வெளிய ஓட்ட வைக்கற ஸ்கூலும் இருக்கு. உங்களுக்கு ரெண்டாவதுதான் வேணும். டிராக் டேல ஓவர்டேக்னா முன்னாடி போறவர் கைய நீட்டி இந்தப் பக்கம் போன்னு காட்டினாதான் போவோம், அதுவும் நேர் ரோட்டுல மட்டும். ரேஸ்ல யாரும் கை காட்ட மாட்டாங்க. அந்த இடைவெளிய ஸ்கூல்லதான் நிரப்பணும்.

கொடிகள மனப்பாடம் பண்ணா மட்டும் பத்தாது, பாத்த உடனே கால் தானா வேலை செய்யணும். மஞ்சள்னா ஆபத்து, வேகத்த குறைக்கணும், முந்தக்கூடாது, அசைச்சா ஆபத்து கிட்டயே இருக்குன்னு அர்த்தம். அந்த முந்தத் தடை எங்க முடியுதுங்கறது அமைப்புக்கு அமைப்பு வேற, அந்த ரேஸோட விதிப் புத்தகத்துல பாத்துக்கணும். மஞ்சள்ல சிவப்புக் கோடுன்னா ரோடு வழுக்குது, எண்ணெயோ உடைசலோ கிடக்கு. நீலம்னா பின்னாடி வேகமான கார் வருது. சிவப்புன்னா ரேஸ் நின்னுடுச்சு, பதறி நடு ரோட்டுல பிரேக் அடிக்காம கண்ட்ரோலா வேகத்த குறைங்க. கருப்பு உங்க நம்பரோட காட்டினா பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்துல கார் வந்து நிக்கற இடத்துக்கு, வரணும். கருப்புல ஆரஞ்சு வட்டம் இருந்தா உங்க கார்ல ஏதோ கோளாறு, எண்ணெய் ஒழுகலாம், பம்பர் தொங்கலாம், உங்களுக்கு உள்ள உக்காந்து தெரியாது, வெளியில இருந்து பாத்தவங்களுக்குத் தெரியும், மறுபேச்சு பேசாம உள்ள வாங்க. வெள்ளைக் கொடிலதான் குழப்பம் வரும், நிறைய இடத்துல முன்னாடி மெதுவான வண்டி போகுதுன்னு அர்த்தம், அமெரிக்க ரேஸ் சிலதுல கடைசி லேப்னு அர்த்தம்.

இப்ப உடம்புல போடறது. இதுல பழசு வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க, கார்ல மிச்சம் பிடிங்க. ஹெல்மெட் வாங்கும்போது உள்ள ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் பாருங்க, ஸ்னெல் எஸ்ஏ 2020 இல்லேன்னா எஃப்ஐஏ 8859 மாதிரி கார் ரேஸுக்கான தரம் வேணும். எம்னு ஆரம்பிக்கற பைக் ஹெல்மெட் ஒத்துக்க மாட்டாங்க, காரணம் இருக்கு, எஸ்ஏ ஹெல்மெட்டுக்கு தீ தாங்குதான்னும் ரோல் கேஜ் (கார் உருண்டா நசுங்காம இருக்க உள்ள போடற கூண்டு) கம்பில மோதினா தாங்குதான்னும் தனியா சோதனை உண்டு. அளவு சரியா இருக்கணும். 1976ல ஜெர்மனியோட நூர்பர்க்ரிங் டிராக்ல ஃபார்முலா ஒன் டிரைவர் நிக்கி லாவுடாவுக்கு விபத்துல ஹெல்மெட் தலையிலேர்ந்து நகந்து போனதாலதான் முகமும் தலையும் அவ்ளோ வெந்து போச்சு. ஹெல்மெட்ட போட்டு வார் கட்டிட்டு பின்னாலேர்ந்து யாரையாவது மேல தூக்கி முன்பக்கம் தள்ளச் சொல்லுங்க, தலைய விட்டு உருண்டு வந்துச்சுன்னா அது உங்க ஹெல்மெட் இல்ல. கன்னத்த நல்லா அழுத்திப் பிடிக்கணும், நெத்தில ஒரே இடத்துல குத்தற வலி இருக்கக்கூடாது.

ஹான்ஸ் டிவைஸ், அதாவது தோள்ல உக்காந்து ஹெல்மெட்ட வாரால பிடிச்சுக்கற அந்த கழுத்துக் காப்பு, சில கிளப் ரேஸ்ல இன்னும் கட்டாயம் இல்லாம இருக்கலாம், கட்டாயமோ இல்லையோ நீங்க வாங்குங்க. ராபர்ட் ஹப்பர்ட்னு ஒரு பயோமெக்கானிக்ஸ் பேராசிரியரும் அவரோட மைத்துனர் ஜிம் டவுனிங்னு ஒரு ரேஸரும் சேந்து 1980கள்ல உருவாக்கினது. பெல்ட் உடம்ப இறுக்கிப் பிடிச்சுக்கும், ஆனா நேரா போய் மோதினா தலை மட்டும் முன்னாடி பாயும், கபால அடி எலும்பு முறியும். 2001 பிப்ரவரில அமெரிக்காவோட டேடோனா டிராக்ல ரேஸர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது அப்படித்தான், அதே வருஷம் அந்த ரேஸ நடத்தற நாஸ்கார் அமைப்பு கழுத்துக் காப்ப கட்டாயமாக்கினாங்க, 2003லேர்ந்து ஃபார்முலா ஒன்லயும் ஹான்ஸ் கட்டாயம். அந்த விதி வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே பொருள் கடையில இருந்துச்சுங்கறத நினைச்சா எனக்கு இன்னமும் மனசு ஆறல.

உடம்புல போடற தீ தாங்கற ரேஸ் சூட்டுக்கு லேபிள்ல இருக்கற எண்தான் முக்கியம். எஸ்எஃப்ஐங்கற அமெரிக்க தர அமைப்போட 3.2ஏ/1னா ரெண்டாம் நிலை தீக்காயம் வர்றதுக்கு சுமார் 3 செகண்ட், 3.2ஏ/5னா சுமார் 10 செகண்ட். எரியற கார்லேர்ந்து பெல்ட்ட கழட்டி, ஜன்னல் வலைய இறக்கி, கேஜுக்கு நடுவுல உடம்ப வெளிய இழுக்க எவ்ளோ நேரம் ஆகும்னு வீட்டு வாசல்ல நிக்கற கார்லயே கண்ண மூடிக்கிட்டு செஞ்சு பாருங்க, அப்புறம் எந்த சூட் வாங்கணும்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல. 2020 பஹ்ரைன்ல ஃபார்முலா ஒன் டிரைவர் ரோமன் குரோஜான் தீக்குள்ள 27 செகண்ட் இருந்துட்டு கையில தீக்காயத்தோட உயிரோட வெளிய வந்தார், தலைக்கு மேல இருக்கற ஹாலோ வளையம், ஹான்ஸ், ஹெல்மெட், சூட் எல்லாம் சேந்து காப்பாத்திச்சு. சூட்டுக்குள்ள தீ தாங்கற உள்ளாடை போடுங்க, நைலான் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், உருகி தோலோட ஒட்டிக்கும்.

சரி, கார். முதல் ரேஸுக்கு வாடகைக்கு எடுங்க. நிறைய டீம்கள் ரெடியா கார் கொண்டுவந்து நிறுத்துவாங்க, நீங்க ஹெல்மெட்டோட போய் ஓட்டிட்டு வரலாம். கணக்கு போட்டா ஒரு வீக்கெண்டுக்கு அதிகமா தெரியும், ஆனா இந்த விளையாட்டு உங்களுக்கு ஒத்து வருமா, எந்த கிளாஸ் (கார் பிரிவு) பிடிக்குதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே ஒரு காரை வாங்கி வச்சுக்கிட்டு முழிக்கறதுக்கு அது எவ்ளவோ மேல்.

வாங்கறதுன்னு முடிவு பண்ணா ஏற்கனவே ரேஸ் ஓடிக்கிட்டு இருக்கற, லாக்புக் (ரேஸ் பரிசோதனை பதிவேடு) இருக்கற காரா பாத்து வாங்குங்க. ரோட்டுல ஓடற காரை வாங்கி நானே ரேஸ் காரா மாத்தறேன்னு இறங்கறவங்க பல பேர் ஆழம் தெரியாம காலை விட்டு ரெண்டு வருஷம் கராஜ்லயே கழிச்சுடறாங்க. கேஜ், சீட், பெல்ட், தீயணைப்பு, மின்சாரத்த துண்டிக்கற கில் ஸ்விட்ச்னு ஒவ்வொண்ணா சேத்தா தயாரா இருக்கற கார் விலையத் தாண்டிடும், அந்த நேரத்துல நீங்க ஓட்டியிருக்க வேண்டிய ரேஸ் எல்லாம் போச்சு.

எந்த கிளாஸ்னா, உங்க பக்கத்துல எதுல அதிக கார் ஓடுதோ அது. நூத்துக்கணக்குல குதிரைசக்தி இருக்கற கார்ல ரெண்டு பேரோட தனியா சுத்தறதவிட சக்தி கம்மியான கார்ல முப்பது பேரோட ஓட்டறதுதான் உங்கள ரேஸரா மாத்தும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே டயர், மாத்தக்கூடாததெல்லாம் விதில எழுதியிருக்கற ஸ்பெக் கிளாஸ் புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப நல்லது. 1989ல அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 இவ்ளோ நாடுகள்ல கிளப் ரேஸ் காரா நிலைச்சு நிக்கறதுக்குக் காரணம் அது லேசான கார், டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயாது, உதிரி பாகம் எங்கயும் கிடைக்கும், வேகத்த விட்டுட்டா திரும்ப சேக்க எஞ்சின் உதவாதுங்கறதால ஓட்டறவர் சுத்தமா ஓட்டக் கத்துக்கிட்டே ஆகணும். ஃபார்முலா வீ, ஃபார்முலா ஃபோர்டு மாதிரி ஒத்தை சீட் கார்கள் அருமையானவை, ஆனா சக்கரம் வெளியில திறந்து கிடக்கும், ஒருத்தர் சக்கரம் இன்னொருத்தர் சக்கரத்து மேல ஏறினா கார் பறக்கும், அதனால முதல் வருஷம் மூடின கார்ல பழகிட்டு அங்க போங்கன்னுதான் நான் சொல்வேன். நாலு பேர் சேந்து ஒரு காரை மாத்தி மாத்தி ஓட்டற எண்டியூரன்ஸ் ரேஸும் நல்ல வழி, செலவ பங்கு போட்டுக்கலாம், ஒரு தடவை ஏறினா ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டலாம்.

பழைய ரேஸ் கார் பாக்கப் போறப்போ எஞ்சின் சத்தத்துல மயங்காதீங்க, மத்தத பாருங்க. ஹெல்மெட்டோட சீட்ல உக்காந்து தலைய எல்லாப் பக்கமும் ஆட்டுங்க, கம்பில படுதா, படற இடத்துல கெட்டியான ரேஸ் பேடிங் இருக்கா. சீட் ஆடக்கூடாது. பெல்ட்டோட லேபிள்ல தேதி பாருங்க, எஸ்எஃப்ஐ 16.1 பெல்ட்டுக்கு தயாரிச்ச தேதிலேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆயுசு, எஃப்ஐஏ பெல்ட்ல முடியற வருஷமே அச்சடிச்சிருக்கும், கார் ஓடாம நின்னிருந்தாலும் அந்த தேதி ஓடிக்கிட்டேதான் இருக்கும். தோள் பெல்ட் பின்னாடி போற கோணம் தோள் மட்டத்துலேர்ந்து கிடையா, இல்லேன்னா லேசா கீழ இறங்கி இருக்கணும், தரையில கொண்டுபோய் கட்டியிருந்தா மோதும்போது முதுகெலும்ப கீழ நசுக்கும். அப்புறம் கேஜ் போட்ட காரை ஹெல்மெட் இல்லாம ரோட்டுல ஓட்டாதீங்க, வெறும் தலை அந்த கம்பில பட்டா சின்ன விபத்தே போதும். ரோட்டுக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் பொதுவா ரேஸ்ல நடந்தத ஏத்துக்காது. அதனால இந்த கார் நாளைக்கு முழுசா நொறுங்கிப் போனாலும் குடும்பம் தடுமாறாதுங்கற அளவுக்குள்ளதான் கார் வாங்கணும், இதுல மட்டும் உங்களுக்கு நீங்களே பொய் சொல்லிக்காதீங்க.

பிரேக்குக்கு தனியா ரெண்டு வார்த்தை. ரோட்டுல ஓட்டறதுக்குன்னு போட்ட பிரேக் பேடும் பழைய பிரேக் ஆயிலும் பத்து லேப்ல கைவிட்டுடும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் தாங்கணும்னு விதி, ஈரம் இழுத்துட்டா அது 155 வரைக்கும் இறங்கலாம், கொதிச்சு குமிழி வந்தா பெடல் பஞ்சு மாதிரி தரைவரைக்கும் போயிடும். அதனால ரேஸுக்கான ஆயில் போட்டு அடிக்கடி மாத்துங்க. புது டயர் வாங்கறத விட பிரேக்க முதல்ல சரி பண்ணுங்க.

இப்ப ரேஸுக்குள்ள போகலாம். ஸ்டார்ட்ல, முக்கியமா முதல் கார்னர்ல, எல்லாரும் ஒரே ஓட்டைக்குள்ள நுழையப் பாப்பாங்க, டயரும் பிரேக்கும் இன்னும் சூடாகல, முன்னாடி இருக்கறவங்க பிரேக் பிடிச்சா பின்னாடி வரவர அது ரெட்டிப்பாகி வரும். அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாதும்பாங்களே, அந்த முதல் கார்னர்தான் அந்த அண்டா. முதல் ரேஸுக்கு கடைசில நின்னு கிளம்பறேன்னு அதிகாரிங்ககிட்ட கேட்டுக்குங்க, தாராளமா ஒத்துப்பாங்க. கண்ண முன்னாடி கார் பம்பர்ல வைக்காதீங்க, அதுக்கு முன்னாடி மூணு நாலு கார் தள்ளி என்ன நடக்குதுன்னு அந்த கார்களோட கண்ணாடி வழியா ஊடுருவிப் பாருங்க, அங்க புகை வந்தா உங்களுக்கு முடிவெடுக்க நேரம் கிடைக்கும்.

ஒருத்தர ஒட்டி பின்னாடி போறப்போ காத்துத் தடை குறையும், அதனால பிரேக்கிங் பாயிண்ட்டுக்கு எப்பவும் வர்றத விட அதிக வேகத்துல வருவீங்க, புதுசா வர்றவங்க முன்னாடி போறவர் மேல முட்டறதுக்கு இது பெரிய காரணம், கொஞ்சம் முன்னாடியே பிரேக் பிடிங்க. ரேடியேட்டருக்கும் காத்து வராது, நேர் ரோட்டுல லேசா பக்கவாட்டுல ஒதுங்கி காத்து வாங்கிக்குங்க, டெம்பரேச்சர் முள்ள அப்பப்ப பாருங்க.

முந்தறதுல பெரும்பாலும் நடக்கறது உள்பக்கமா பிரேக்கிங்ல பக்கத்துல போய் நிக்கறதுதான். முன்னாடி இருக்கறவர் ஸ்டீயரிங் திருப்பறதுக்கு முன்னாடியே நீங்க அவர் பக்கத்துல இருக்கணும், அவர் கண்ணுக்கு நீங்க தெரியணும். அவர் திரும்ப ஆரம்பிச்சதுக்கப்புறம் தூரத்துலேர்ந்து உள்ள பாஞ்சீங்கன்னா அது ஓவர்டேக் கிடையாது, அவர் நகந்து கொடுத்தா தப்பிச்சீங்க, இல்லேன்னா ரெண்டு பேரும் காலி. எவ்ளோ தூரம் பக்கத்துல வந்திருந்தா இடம் விடணும்னு ஒவ்வொரு விதிப் புத்தகமும் ஒரு மாதிரி எழுதியிருக்கும், அந்த பக்கத்த மட்டும் பத்து தடவை படிங்க. பக்கத்துல வந்துட்டாருன்னா அவருக்கு ஒரு கார் அகலம் கடைசி வரைக்கும் இருக்கணும், கார்னர் முடிஞ்சு வெளிய வர்றப்போ வழக்கமா ரோட்டோட ஓரம் வரைக்கும் போவோமே, அந்தப் பக்கம் ஒருத்தர் இருந்தா அங்க போகக்கூடாது.

உங்கள முந்த வர்றாங்கன்னா நூல் பிடிச்ச மாதிரி உங்க லைன்லயே போங்க. வேகமான காருக்கு உதவி பண்றேன்னு திடீர்னு ஒதுங்கறதுதான் ஆபத்து, அவர் நீங்க லைன்ல போவீங்கன்னு நம்பி வேற பக்கம் திட்டம் போட்டிருப்பார். இடத்த காப்பாத்த ஒரு தடவை உள்பக்கம் நகந்துக்கலாம், அவர் அசையறதப் பாத்து அசையறது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடறது கூடாது.

கார் சுத்திடுச்சுன்னா ரெண்டு காலும் கீழ, கிளட்ச் ஒண்ணு பிரேக் ஒண்ணு, முழுசா அழுத்திப் பிடிச்சுக்குங்க. சக்கரம் பூட்டிக்கிட்டா கார் ஒரே திசையில வழுக்கிப் போகும், பின்னாடி வர்றவர் அத கணிச்சு ஒதுங்குவார். நடுவுல பிரேக்க விட்டீங்கன்னா டயர் பிடிச்சு கார் எந்தப் பக்கம் பாயும்னு யாருக்கும் தெரியாது, அவர் மேலயே பாயும். நாலு சக்கரமும் ரோட்ட விட்டு இறங்கிடுச்சுன்னா ஸ்டீயரிங்க வெடுக்குன்னு ரோட்டுப் பக்கம் திருப்பாதீங்க, நேரா பிடிச்சு வேகத்த இறக்கிட்டு மார்ஷல பாத்து, போக்குவரத்து பாத்து மெதுவா ஏறுங்க. கார் நின்னு போச்சுன்னா தீ இல்லாத வரைக்கும் பெல்ட்டோட உள்ளயே உக்காந்திருங்க.

வயசாயிடுச்சேன்னு தயங்கறவங்களுக்கு ஒண்ணு. நடிகர் பால் நியூமேன் 1925ல பிறந்தவர், ரேஸ் ஓட்ட ஆரம்பிச்சது 1972ல. 1979ல பிரான்ஸோட லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல அவர் டீம் ரெண்டாவது வந்துச்சு, 1995ல 70 வயசுல டேடோனா 24 மணி நேர ரேஸ்ல தன் கிளாஸ்ல ஜெயிச்ச டீம்ல இருந்தார்.

ரேஸ் நாள்ல சீக்கிரம் போயிடுங்க. பேர் பதிவு, காரையும் ஹெல்மெட்டையும் சூட்டையும் பரிசோதனைக்குக் காட்டறது, டிரைவர்ஸ் மீட்டிங், பிராக்டிஸ், குவாலிஃபையிங், அப்புறம் ரேஸ்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவை வெளிய போறதுக்கு முன்னாடியும் சரியான இறுக்கத்த காட்டற டார்க் ரெஞ்ச்சால வீல் நட்ட நீங்களே பாருங்க, வேற யாராவது பாத்திருப்பாங்கன்னு விடாதீங்க. தண்ணி முதல் நாள்லேர்ந்தே குடிங்க. ஓட்டும்போது நேர் ரோட்டுல மூச்ச இழுத்து விட்டு கைப்பிடிய தளத்துங்க, புதுசா ஓட்டறவங்க மூச்சு விடறதயே மறந்துடறாங்க. ரேஸ் முடிஞ்சு உள்ள வந்ததும் எங்க நிறுத்தச் சொல்றாங்களோ அங்க நிறுத்துங்க, அதிகாரிங்க எடை பாக்கற வரைக்கும் காரை தொடக்கூடாதுன்னு விதி இருக்கலாம். அவங்க விட்டதும் டயர் சூடு ஆறறதுக்குள்ள நாலு டயர் பிரஷரையும் குறிச்சு வைங்க, அடுத்த நாள் காத்து எவ்ளோ வைக்கறதுன்னு அதுதான் சொல்லும்.

அப்புறம் உங்க கூட மல்லுக்கு நின்னவர தேடிப் போய் பேசுங்க, முட்டியிருந்தா இன்னும் சீக்கிரமா போங்க. எனக்கு இடம் விட்டார்னு சொன்னேனே, அவர் அன்னிக்கு சாயங்காலம் தன் கேமரா வீடியோவ எடுத்துக்கிட்டு என் காருக்கு வந்தார். ரெண்டு பேரும் டிரெய்லர் பலகைல உக்காந்து பாத்தோம். அஞ்சாவது கார்னருக்கு முன்னாடி அவர் ஒவ்வொரு லேப்பும் சீக்கிரமாவே ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்திருக்கார், பிரேக்ல ஒரு சின்ன சந்தேகம்னு சொன்னார், நாலு லேப் பின்னாடியே போயும் நான் அத கவனிக்கல, ஏன்னா நான் அவர் பின் பம்பர மட்டும் பாத்துக்கிட்டு போயிருக்கேன். வீடியோவ நிறுத்தி அந்த இடத்துல கை வச்சு, இங்கதான் நீ உள்ள வந்திருக்கணும்னார். என் நோட்டுல அந்த கார்னர் பேருக்கு எதிர்ல இன்னமும் அவர் சொன்ன அந்த ஒரு வரி இருக்கு.